வலிக்காத புண்

தண்டையார்பேட்டையில் வாய்ப்புண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால், "சூட்டுல வந்த புண்ணு சார், வலியே இல்ல, தானா ஆறிடும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. துறைமுக வாயிலில் முறைக்காகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநரும், காசிமேட்டில் மீன்கூடை சுமக்கும் தொழிலாளியும், பசியையும் தூக்கத்தையும் தள்ளிப்போடுவதற்காக பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவைக் கன்னத்தின் உட்புறத்தில் மணிக்கணக்காக அடக்கி வைத்துக்கொள்ளும் இப்பிரதேசத்தில், அந்தப் பதிலைப் போல் உயிருக்கு அபாயமான அபிப்பிராயம் வேறில்லை.

வலி இல்லையென்றால் வியாதியும் இல்லை என்ற நம்பிக்கைதான் அதன் மூலம். உண்மை நேர்மாறானது. குழம்பின் காரம் பட்டதும் சுரீரென்று எரிந்து, பத்து நாளில் ஆறிவிடுகிற சாதாரணப் புண்ணுக்கே வலி அதிகம். புற்றுநோயோ, ஆரம்ப நிலையில், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டாகவோ, அதைவிட அபாயகரமான செந்நிறத் திட்டாகவோ, தொட்டுப் பார்த்தால் விளிம்பு கெட்டியாயிருக்கும் சிறு புண்ணாகவோ, புகையிலை தங்குகிற அதே கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில், பெரும்பாலும் வலியின்றியே தோன்றுகிறது. வெள்ளைத் திட்டுகள் எல்லாமே புற்றாக மாறுவதில்லை. ஆயினும் எது மாறும் என்பதை வெறும் பார்வையால் நிச்சயிக்க முடியாது. பாக்கு மெல்லுவோருக்கு வாய் சிறுகச் சிறுக இறுகி, நன்றாகத் திறக்க முடியாமற்போவதும் எச்சரிக்கையே. மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் சாதாரணப் புண்ணுக்கு உபகாரம் செய்யலாம். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணுக்கு அவற்றை நம்பி மாதங்களைக் கழிப்பது, எளிதில் அகற்றக்கூடிய நிலையிலிருந்து தாடையெலும்பை இழக்கும் நிலைவரை வியாதிக்கு அவகாசம் கொடுப்பதாகும்.

இந்த வியாதியைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த இயந்திரம் வேண்டுமென்பது மற்றொரு நம்பிக்கை. ஏழைகளை மருத்துவமனை வாசலுக்கே வரவிடாமல் தடுப்பதால், இதை நான் மிகவும் கொடியதாகக் கருதுகிறேன். 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் டாக்டர் சங்கரநாராயணன் முதலியோர் 13 ஊராட்சிப் பகுதிகளை இரு பிரிவாக்கி ஆரம்பித்த ஆராய்ச்சியில், மருத்துவர்களல்லாத பட்டதாரிகள், பயிற்சி பெற்றபின், ஒரு பிரிவில் மட்டும் வீடுவீடாகச் சென்று, 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் உதடு, கன்னம், ஈறு, நாக்கின் பக்கங்கள், நாக்கின் அடிப்பாகம், அண்ணம் ஆகியவற்றை வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து, கழுத்தையும் தடவிப் பார்த்து, சந்தேகத்துக்குரியவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த பகுதிகளில் வாய்ப்புற்றால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று 2005-ல் லான்செட் இதழ் பிரசுரித்தது. பழக்கமில்லாதவர்களிடத்தில் அத்தகைய பயன் தெளிவாகத் தென்படவில்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது யாருடைய வாயை என்பதும் அந்த ஆராய்ச்சியிலேயே விளங்கிவிட்டது.

புகையிலை சேராத வெற்றிலை பாக்கு நிரபராதி என்பாரும் உண்டு. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில் பணியாற்றிய டாக்டர் ஆர் (Orr), வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933-லேயே எழுதினார். அவர் கவனத்தில் புகையிலையே முன்னின்றது. ஆனால் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் வெளியிட்ட தொகுப்பு, பாக்கு தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று தீர்மானித்துவிட்டது.

புண்ணிலிருந்து சதையைக் கிள்ளிச் சோதித்தால் வியாதி பரவும் என்ற பயத்துக்கு ஆதாரமே கிடையாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, மிகச் சிறு துணுக்கு எடுக்கிறார்கள். அதைப் பரிசோதித்தாலன்றி எந்த மருத்துவரும் நிச்சயமாக எதுவும் சொல்ல இயலாது. இதற்கு நமக்கு அண்மையிலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. பூங்கா நகரப் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

30 வயது நிரம்பியவர்களுக்கு ஐந்தாண்டுக்கொரு முறை வாய்ப் பரிசோதனை செய்வது தேசியத் திட்டத்திலேயே உள்ள விஷயம். ஆகையால் சுகாதார நிலையத்தில் அதைத் தயங்காமல் கேட்கலாம். வாயிலிருப்பதைத் துப்பிக் கொப்பளித்து, கட்டுப்பல் இருந்தால் கழற்றி, வெளிச்சம் விழும் பக்கமாக உட்கார்ந்து, எதை எத்தனை வருஷமாக எந்தக் கன்னத்தில் அடக்குகிறோம் என்பதை மறைக்காமல் சொன்னால், பார்ப்பவருக்கு முதலில் எங்கே பார்ப்பது என்பது தெரிந்துவிடும்.