தாடை எலும்பு சொல்லும் சிறுநீரகச் செய்தி



இந்த இதழின் மருத்துவப் பாடத்திற்குப் பல் எக்ஸ்ரேயையும் சிறுநீரகத்தையும் எடுத்துக்கொண்டோம். "பல்லுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. சிறுநீரகம் பழுதடைந்து ஆண்டுகள் செல்லச் செல்ல, உடலில் உள்ள எலும்புகள் மெல்லக் கரைகின்றன. தாடை எலும்பும் அப்படியே. பல் வலிக்காக எடுக்கிற சிறிய எக்ஸ்ரே படத்தில் அது தெரியக்கூடும். அதைக் கவனித்தால் நோயாளி சரியான சிகிச்சைக்கு அனுப்பப்படுவார். கவனிக்காவிட்டால், ஆடுகிற பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். மிஞ்சியிருக்கிற சிறுநீரகத்தை அந்த மாத்திரையே கெடுத்துவிடலாம்.

எலும்பு ஏன் கரைகிறது?

பால், மாமிசம், பருப்பு, தானியம் என்று நாம் உண்பவை எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. தேவைக்கு மேற்பட்டதைச் சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. வெயிலிலும் உணவிலும் கிடைக்கும் வைட்டமின் டி, உடலுக்குப் பயன்படும் வடிவத்தை முழுமையாக அடைவது சிறுநீரகத்தில்தான். அந்த வைட்டமின் இருந்தால்தான் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் நன்றாக உறிஞ்ச முடியும்.

சிறுநீரகம் தளர்ந்தால் இரண்டு வேலையும் நின்றுபோகின்றன. இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறுகிறது, கால்சியம் இறங்குகிறது. கால்சியம் குறைந்தால் இதயமும் தசைகளும் நரம்புகளும் சரியாக இயங்கா. எனவே உடல் விடாது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்ற நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. அவை தங்கள் ஹார்மோனை மேலும் மேலும் சுரந்து, எலும்பில் சேர்ந்திருக்கும் கால்சியத்தை இரத்தத்துக்குள் இழுக்கின்றன. விளைச்சல் இல்லாத வருடத்தில் விதைக்கு வைத்த கேழ்வரகை எடுத்துச் சமைப்பது போன்றது இது. அன்றைய பசி தீரும். அடுத்த விதைப்புக்குக் குதிர் காலியாக இருக்கும்.

தாடையில் ஏன் நன்றாகத் தெரிகிறது?

பற்களைத் தாங்கும் தாடை எலும்பு ஓயாமல் கரைந்து மீண்டும் உருவாகிக்கொண்டே இருக்கும் எலும்பு. மெல்லும் பாரத்தை ஒவ்வொரு நாளும் சுமப்பதால் அந்த மாற்றம் அங்கே வேகமாக நடக்கிறது. தவிர, பல் எக்ஸ்ரேயில் ஃபிலிமை வாய்க்குள்ளேயே, எலும்பை ஒட்டி வைக்கிறோம். மார்பு எக்ஸ்ரேயில் காண முடியாத நுண்ணிய கோடுகள் அதில் தெளிவாக விழும்.

ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தது 1895-ல். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், அந்நாட்டுப் பல் மருத்துவர் வால்காஃப் தமது பற்களையே படம் எடுத்தார். அதற்காக அவர் 25 நிமிடம் அசையாமல் இருந்தார். இன்று அதே படம் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் முடிகிறது. கதிர் அளவும் மிகக் குறைவு.

படத்தில் பார்ப்பவை

1. வேரைச் சுற்றிய வெண்கோடு. ஒவ்வொரு பல்லின் வேரையும் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். இதை லாமினா டூரா என்பார்கள். பாராதைராய்டு மிகையாகச் சுரந்தால் இக்கோடு மங்கி, சில வேளைகளில் முற்றிலும் மறைந்துவிடும்.

2. எலும்பின் உள் அமைப்பு. ஆரோக்கியமான தாடையின் உட்புறம் தேன்கூடு போன்ற வலைப்பின்னலாகத் தெரியும். நோயில் அந்தப் பின்னல் அழிந்து, குளியலறை ஜன்னலின் மங்கல் கண்ணாடியைப் போல ஒரே சாம்பல் நிறமாகக் காணும்.

3. கீழ்த்தாடையின் அடிவிளிம்பு. தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் இந்த விளிம்பு தடித்த வெள்ளைப் பட்டையாகத் தெரிய வேண்டும். அது 3 மில்லிமீட்டருக்கும் மெலிந்திருந்தால் எலும்பு மெலிகிறதா என்று பார்க்க வேண்டும்.

4. கறுத்த குழிகள். சிலருக்குத் தாடையில் கட்டி போன்ற வீக்கம் வரும். படத்தில் அது கறுத்த குழியாகத் தெரியும். உள்ளே கசிந்த பழைய இரத்தத்தால் பழுப்பு நிறமாக இருப்பதால் இதைப் பழுப்புக் கட்டி என்று அழைக்கிறார்கள். இது புற்றுநோய் அல்ல. பாராதைராய்டைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் தானே சுருங்கும். தாடைக் கட்டியை அறுக்குமுன் இரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. பார்க்காமல் அறுத்தால், தேவையில்லாமல் ஒருவர் தாடையின் ஒரு பகுதியை இழப்பார்.

படம் எதைச் சொல்லாது?

இந்த அடையாளங்கள் சிறுநீரக நோய்க்கு மட்டும் உரியவை அல்ல. பாராதைராய்டிலேயே கட்டி வந்தாலும், வேறு சில எலும்பு நோய்களிலும் இவை தோன்றும். எலும்பிலுள்ள தாதுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். ஆகவே படம் நன்றாக இருப்பதால் நோய் இல்லை என்று தேறிவிட முடியாது. பெரும்பாலும் இம்மாற்றங்கள் முற்றிய நோயாளிகளிடமும், பல ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களிடமுமே காணப்படுகின்றன. படம் சந்தேகத்தை எழுப்பும். முடிவு சொல்வது இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளே.

நம் பகுதியின் தனிச் சிக்கல்

சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, பர்கூர் என்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் பக்கத்துத் தர்மபுரியிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய தர அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. அதற்கு மேற்பட்ட நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை விழுகிறது. பல ஆண்டுகள் குடித்தால் எலும்பு இறுகி, மூட்டும் முதுகும் விறைத்துப்போகின்றன. இதைத் தடுக்கவே ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் இவ்விரு மாவட்டங்களுக்கும் திறக்கப்பட்டது.

இதில் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, கறை படிந்த பல்லைப் பார்த்து "எல்லாம் தண்ணீரால் வந்தது" என்று சொல்லி முடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். கறை பற்கள் உருவாகும் சிறு வயதிலேயே விழுவது. நடுவயதில் சொத்தையோ ஈறு நோயோ இல்லாமல் பல பற்கள் சேர்ந்து ஆடினால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். இரண்டாவது, ஃபுளோரைடை வெளியேற்றும் பெரிய வழி சிறுநீரகமே. சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடலில் கூடுதலாகத் தங்கும். எனவே சிறுநீரக நோயாளி எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்று கேட்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

ஒரு நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள்

நாற்பத்தைந்து வயது மனிதர். ஓசூர் தொழிற்சாலையில் வேலை. பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரையைச் சாப்பிட்டும் சாப்பிடாமலும் இருக்கிறார். கீழ்ப்பற்கள் ஆடுகின்றன. மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி நாட்களைத் தள்ளிவிட்டு, பிடுங்கச் சொல்லி வருகிறார். படத்தில் வெண்கோடு மங்கியிருக்கிறது. அப்போது செய்ய வேண்டியவை இவை: இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளை நிறுத்த வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் தரலாம். முடிவுகளைப் பார்த்துச் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பல்லைப் பிடுங்கும் அவசரம் பெரும்பாலும் இல்லை.

ஏற்கெனவே டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால், இரத்தம் உறையாதிருக்க அங்கே ஹெப்பாரின் கொடுப்பதால், பல் பிடுங்குவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். டயாலிசிஸுக்கு இரத்தக் குழாய் இணைத்திருக்கும் கையில் இரத்த அழுத்தம் பார்க்கலாகாது.

சிகிச்சைக்கு வழி உண்டு

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரால் 1900-ல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றிகரமாகத் தொடங்கியது அங்கேதான், 1971-ல். மாற்று அறுவைக்கு முன் பல் மருத்துவர் வாயைச் சோதிப்பது வழக்கம். அறுவைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தொடர்ந்து சாப்பிட வேண்டியிருப்பதால், பல்லின் அடியில் மறைந்திருக்கும் சீழ் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம் மாவட்டத்துக்கும் நல்ல செய்தி உண்டு. வீடு தேடி இரத்த அழுத்த, சர்க்கரை மருந்துகளைத் தரும் தமிழக அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளும் அதில் அடங்கும். 2022-ல் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் உண்டு.

நினைவில் வைக்க

* சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை சிறுநீரும் கிரியாட்டினினும் பார்த்துக்கொள்ளட்டும்.
* வலி மாத்திரையை நாள்கணக்கில் தாங்களாகவே வாங்கிச் சாப்பிட வேண்டாம்.
* பல் மருத்துவரிடம் போகும்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள்.
* சிறுநீரக நோயாளிகள் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தரும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும். அப்போதுதான் அது எலும்பைக் காக்கும்.

உங்கள் சபையிலும் தெருவிலும் டயாலிசிஸுக்குப் போய்வருகிற ஒருவர் இருக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை பஸ் ஏறிப் போய், மணிக்கணக்கில் படுத்திருந்து திரும்புகிறவருக்குத் துணையாக ஒரு நாள் சென்று வாருங்கள். "பல்லை டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இந்தப் பாடம் அங்கே ஒருவருக்குப் பயன்பட்டால் எங்களுக்கு அதுவே மகிழ்ச்சி.