சில்லு பேசும்வரை காத்திருங்கள்

மாணவர்களே, ‘கல்’, ‘பகல்’, ‘சங்கு’ ஆகிய சொற்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ககரம் ஒன்றுதான், ஒலியோ மூன்று விதம். பேச்சுச் சில்லுக்கு எழுத்து தெரியாது. ஒலிகள் மட்டுமே தெரியும்.

1980களில் புகழ்பெற்ற எஸ்.பி.0256-ஏ.எல்.2 சில்லில் ஆங்கிலத்துக்குரிய 59 ஒலிகளும் 5 இடைவெளிகளும் உள்ளன. மொத்தம் 64, அதாவது 2⁶. எனவே, ஒலியின் எண்ணை அனுப்ப 6 கம்பிகள் போதும்.

இக்கம்பிகளை அர்டுயினோவின் வெளியீட்டு முனைகளில் இணையுங்கள். ‘எண்ணை எடுத்துக்கொள்’ எனக் கட்டளையிட ஏழாவது கம்பி. இரண்டின் தரைமுனைகளையும் இணைக்க மறவாதீர்கள்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். ‘ஹலோ’ என்று அனுப்பினால் பாதி ஒலிகள் தொலைந்துவிடும். ஏன்? அர்டுயினோ ஊனோவின் கடிகாரம் நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. சில்லோ மனிதரின் வேகத்தில்தான் பேசும்.

தீர்வு எட்டாவது கம்பி. சில்லின் எல்.ஆர்.கியூ. முனையை அர்டுயினோவின் உள்ளீட்டு முனையில் இணையுங்கள். அது 1 என்றால் காத்திருங்கள். 0 ஆனதும் அடுத்த எண்ணை அனுப்புங்கள். சொல் முடிந்ததும் ஓர் இடைவெளியின் எண்ணையும் அனுப்புங்கள்.

சிந்திக்க: 100 ஒலிகள் இருந்தால், எண்ணை அனுப்ப எத்தனை கம்பிகள் தேவை?