ஓரசை வேற்றுமை

நெடிய சொல்லை ஒலிக்க நா தயங்குதல் இயல்பு. மருத்துவ நூல்களில் வழங்கும் சொற்கள் பல கிரேக்க மொழியின் கூறுகளால் ஆகியவை, நெடியவை. ஆயினும், அவற்றை உறுப்புறுப்பாகப் பகுத்து நோக்குவார்க்கு நீளம் ஒரு தடையன்று. 'ஹைபோகிளைசீமியா' என்னும் சொல்லே அதற்குச் சான்றாகும்.

'ஹைபோ' என்பதற்குக் 'கீழ்' என்பது பொருள். இடையிலுள்ள 'கிளைக்' என்பது இனிமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் திரிபு. அதனை அடுத்து நிற்பது, குருதி எனப் பொருள்படும் 'ஹைமா' என்பதன் திரிபு. 'இயா' என்பது நிலையை உணர்த்தும் ஈறு. குருதியில் சர்க்கரை தாழ்ந்த நிலை என்பது இவற்றின் திரண்ட பொருள்.

இனி, ஒலிக்கும் முறையைக் காண்போம். ஹை-போ-கிளை-சீ-மி-யா என இச்சொல் ஆறு அசைகளாகப் பிரியும். 'பால்', 'அமுது' என்பன புணருங்கால், லகர மெய் வரும் உயிரோடு கூடிப் 'பாலமுது' என ஒலிக்கின்றது அன்றோ? அதுபோலவே 'கிளைக்' என்பதன் இறுதி மெய்யும் வரும் உயிரோடு கூடி, ஆங்கில வழக்கில் சகர ஒலி பெற்றுச் 'சீ' என்னும் அசையாகின்றது. எனவே, பொருள் பற்றிய பகுப்பு வேறு. ஒலி பற்றிய பகுப்பு வேறு என்பது பெறப்படும்.

இச்சொல்லுக்கு மறுதலையாய் நிற்பது 'ஹைபர்கிளைசீமியா' என்பது. 'ஹைபர்' என்பது 'மேல்' எனப் பொருள்படும். சர்க்கரை மிகுந்த நிலையை இச்சொல் உணர்த்தும். இதற்கும் அசைகள் ஆறே. இரண்டாம் அசை ஒன்றே வேறுபாடு. ஆங்கில ஒலிப்பில் அழுத்தம் 'சீ' என்னும் நான்காம் அசையின்மீது விழுகின்றது. வேறுபடுத்தும் அசையோ மெலிந்து ஒலிக்கின்றது. விரைந்து கூறின், கேட்போர் செவி ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளவும் கூடும்.

அதனால் விளையும் கேடு சிறிதன்று. சர்க்கரை மிகுந்தவர்க்கு அதனைக் குறைக்க இன்சுலின் வேண்டப்படலாம். 1921-ஆம் ஆண்டு டொரான்டோ நகரில் கண்டறியப்பெற்று, 1922-இல் நோயாளிக்கு முதன்முதல் செலுத்தப்பெற்ற அம்மருந்து எண்ணற்றோர் உயிரைக் காத்தது. ஆனால், சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, நடுங்கி, அறிவு மயங்கி நிற்பவர்க்கு வேண்டுவது சர்க்கரையே. அவர்க்கு இன்சுலின் செலுத்தின், தாழ்ந்தது மேலும் தாழும். உயிருக்கே ஊறு நேரும். ஆகவே, தொலைபேசியில் இச்சொற்களைக் கூறும் மருத்துவர் இரண்டாம் அசையைத் தெளிவுற நிறுத்தி ஒலித்தல் வேண்டும்; கேட்கும் செவிலியர் அதனைத் திரும்பக் கூறி உறுதி செய்துகொள்ளல் வேண்டும்; சர்க்கரை தாழ்ந்தது, மிகுந்தது என வெளிப்படையாகவும் உரைத்தல் நன்று.

திருந்திய ஒலிப்பு அவைக்கு அழகு சேர்ப்பதோடு அமைவதன்று. ஒரோவழி அஃது உயிரையும் காக்கும்.