வேலியோரத்துப் பட்ட கட்டை

கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் தம்பலகாமத்து நெல்லுக்கு வண்டு தேவையில்லை. நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். வீட்டுத் தோட்டத்துப் பூசணிக்கோ ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடும் அப்பூக்களை இணைப்பது தேனீயே.

கத்தரிப் பூவில் மகரந்தப் பையின் நுனியில் சிறு துளையே உண்டு. மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டு பூவைப் பற்றி அதிரச் செய்து தூளை உதிர்க்கிறது. தேனீயால் இது இயலாது.

பட்ட கிளையெல்லாம் விறகாகி, காலையில் கிருமிநாசினியும் தெளித்தால் இவ்வுயிர்கள் எங்கே போகும்? பூ நிறைந்திருந்தும் காய் குறையும்.

ஆகவே, அன்பர்களே, வேலியோரம் ஒரு பட்ட கட்டையை விட்டு வையுங்கள். தும்பையும் துளசியும் பூக்கட்டும். மருந்து தெளித்தே ஆகவேண்டுமானால், வண்டுகள் அடங்கிய பின் மாலையில் தெளியுங்கள்.