செலவழித்த காசு எங்கே போகிறது?



சென்ற மாதம் பாம்பன் பள்ளிவாசலில் அஸருக்குப் பின் ஒரு வேன் ஓட்டுநர் என் அருகே வந்து அமர்ந்தார். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கும் அரிச்சல்முனைக்கும் பயணிகளை ஏற்றிச் செல்வது அவர் பிழைப்பு.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. தினமும் டீசல் போடுறேன். எண்ணெய்க் கம்பெனிக்காரங்க அந்தப் பணத்தைக் கட்சிகளுக்குக் கொடுத்து, தங்களுக்கு ஏத்த மாதிரி சட்டத்தை மாத்திக்கிறாங்கன்னு பேப்பர்ல படிச்சேன். என் காசும் அதுல சேருதே. குற்றம் என் மேலயும் வருமா?"

"நாளைக்குச் சொல்றேன் காக்கா" என்றேன். நாளை என்றது ஒரு மாதமாயிற்று. கேள்வி அத்தனை எளிதன்று.

பொருளை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்று மறுமையில் இரண்டும் கேட்கப்படும் என்பதை நாம் அறிவோம். முதற் கேள்விக்கு மதரஸாக்களில் விரிவாகவே விடை படிக்கிறோம்: வட்டி, கலப்படம், எடை மோசடி. இரண்டாம் கேள்வியையோ வீண்விரயம் கூடாது என்ற ஒரு வார்த்தையோடு மூடி வைத்துவிடுகிறோம். கடைக்காரர் கைக்குப் போன பின் அந்தக் காசு என்ன வேலை செய்கிறது என்று விசாரிப்பதில்லை.

விசாரித்துப் பார்ப்போம். பங்க்கில் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி மத்திய, மாநில வரி; ஒரு பகுதி பங்க்காரரின் கமிஷன்; மீதி எண்ணெய் நிறுவனத்துக்கு. அந்நிறுவனம் பெரும்பாலும் அரசுடையது. அரசு நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை தரக் கம்பெனிச் சட்டமே தடை செய்கிறது. ஆகவே, 'பங்க்கில் கொடுத்தது நேரே கட்சிக்குப் போகிறது' என்பது சரியன்று. ஆனால் அந்நிறுவனம் கச்சா எண்ணெய் வாங்க வேண்டுமே! பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒரு சிறு பங்கு ராஜஸ்தானின் பார்மேர் போன்ற உள்நாட்டு வயல்களிலிருந்து. பார்மேர் வயலை நடத்துவது வேதாந்தா குழுமத்தின் கெய்ர்ன். அங்கிருந்துதான் வழி பிரிகிறது.

2018 முதல் நடப்பிலிருந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 15-2-2024 அன்று ஒருமனதாக ரத்து செய்தார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை வாக்காளர் அறியாதிருப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்பது தீர்ப்பின் சாரம். பின்னர் வெளியான பட்டியலில் வேதாந்தா வாங்கிய பத்திரங்கள் சுமார் 400 கோடி ரூபாய். கல்கத்தா வீடுகளுக்கு நிலக்கரி மின்சாரம் விற்கும் ஹால்தியா எனர்ஜி வாங்கியவை 377 கோடி. இவற்றுக்கு லஞ்சம் என்று பெயரிட என்னிடம் ஆதாரமில்லை; அன்றைய சட்டம் அனுமதித்த காரியம். ஆனால் கல்கத்தாவில் மின்விசிறி சுழற்றியவர்கள் கட்டிய கரண்ட் பில்தானே அந்த நிறுவனத்தின் வருமானம்!

லஞ்சமென்றே நீதிமன்றம் தீர்த்த வழக்கு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உண்டு. அங்கே ஒரு மின்சார நிறுவனம் சட்டசபைச் சபாநாயகரின் ஆட்களுக்குச் சுமார் 6 கோடி டாலர் கொடுத்தது. 2019-ல் ஒரு சட்டம் பிறந்தது. அணு உலைகளையும் இரண்டு பழைய நிலக்கரி நிலையங்களையும் தாங்கும் செலவைப் பொதுமக்களின் மாத பில்லில் ஏற்ற அது வழி செய்தது. சபாநாயகருக்கு 2023-ல் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நிலக்கரி நிலையங்களுக்கான வசூலோ 2025 வரை நிற்கவில்லை. ஜனங்கள் பில் கட்டினார்கள். அந்த வருமானத்தில் நடக்கும் நிறுவனம் சட்டத்தை வாங்கிற்று. சட்டம் மறுபடியும் பில்லாக வந்தது.

இனி நம் கரைக்கு வருவோம். 2020 ஜனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் விதியைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்க்கும் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றாக்கியது. இதற்காக கெய்ர்ன் நிறுவனம் அரசிடம் முயன்றது என்று 2023-ல் வெளியான பத்திரிகைப் புலனாய்வு ஒன்று கூறுகிறது. திருத்தம் ஒரு கம்பெனிக்கு மட்டுமா? எல்லோருக்கும் கதவு திறந்தது. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த செய்தி வெளிவந்தபோது, எந்த ஊரிலும் பந்தல் போட்டு நம்மிடம் எவரும் கருத்துக் கேட்டிருக்கவில்லை. எதிர்ப்பு எழுந்த பின் அனுமதியைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு சொல்லிற்று. காவிரி டெல்டாவைக் காக்க 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நம் மாவட்டம் இல்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22 இரவு கடல் கொண்டதற்கு எண்ணெயைக் குற்றம் சொல்வது அறியாமை. ஆனால் மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளப்பாறைகள் வெளுத்ததற்குக் கடல்நீர்ச் சூடு காரணம். அந்தச் சூட்டுக்குப் பின்னால் நாம் எரிக்கும் டீசலும் நிலக்கரியும் உண்டு. பாறை செத்தால் மீன் எங்கே தங்கும்?

இனி மஸ்அலா. மது காய்ச்சுபவனுக்குத் திராட்சை விற்பது பற்றி நம் ஷாஃபிஈ இமாம்கள் பேசியிருக்கிறார்கள். காய்ச்சுவான் என்று உறுதியாகத் தெரிந்தால் ஹராம், சந்தேகம் மட்டுமானால் மக்ரூஹ் என்பார்கள். அங்கே விற்ற பொருளே பாவத்தின் பொருளாகிறது. இங்கே நாம் வாங்குபவர்கள். காசு நம் உடைமையை விட்டுப் பல கை மாறிய பின் ஒருவர் அதைத் தவறாகச் செலவிட்டால் அக்குற்றம் அவருடையது. பிழைப்புக்கு டீசல் போடுவது ஹலால். இது நான் விளங்கியது. மூத்த உலமாக்கள் திருத்தினால் ஏற்பேன்.

ஆனால் தேவைக்கு மேல் எரிப்பதற்கு இந்தச் சலுகையை நீட்ட என் மனம் துணியவில்லை. அரிச்சல்முனையில் பயணிகள் இறங்கிப் போன பின்னும் ஏ.சி.க்காக என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நிக்காஹ்வுக்கு ஒரு பஸ்ஸில் அடங்கும் கூட்டம் பன்னிரண்டு காரில் போகும். (இதில் நானும் ஒரு காரில் இருந்தவன்தான்.) நெடுங்காலம் மின்கம்பி எட்டாதிருந்த தனுஷ்கோடிக் குடிசைகளில் சூரிய விளக்கில் வலை பின்னினார்கள். நம் பள்ளிவாசல்களிலோ ஜமாஅத் கலைந்த பின்னும் விசிறிகள் சுழல்கின்றன.

இன்னொன்று, வாய் திறப்பது. கருத்துக் கேட்புக் கூட்டத்தை எடுத்துவிட்டார்கள். கிராம சபையை எவரும் எடுக்கவில்லை. பாம்பன் ஊராட்சியில் அது கூடும்போது நம் மஹல்லாவிலிருந்து எத்தனை பேர் போகிறோம்?

இவ்வளவையும் அந்தக் காக்காவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஏ.சி.யை நிறுத்துனா பயணிகள் சத்தம் போடுவாங்க ஹஜ்ரத். அதை நான் பாத்துக்கிறேன். கிராம சபை எந்தத் தேதி?" என்றார். அக்டோபர் 2 என்றேன்.