வழுக்கி விழுந்தவர் செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடும் முனையில், 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், நியூ வோர்ல்டு ஹோட்டல் இருந்த ஆறு மாடிக் கட்டடம் சில கணங்களில் நொறுங்கி விழுந்து 33 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பின்னர் நடந்த விசாரணையில், அதைத் திட்டமிட்டவர் உள்ளே வந்து சேரும் மனிதர், சாமான் ஆகியவற்றின் பாரத்தைக் கணக்கிட்டாரேயன்றி, கட்டடம் தன் பாரத்தையும் தானே சுமந்தாக வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது வெளியாயிற்று. அந்தத் துயரத்தின் விளைவாக 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. குடியிருப்புக் கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒரு முறையும் மற்றவற்றை ஐந்தாண்டுக்கு ஒரு முறையும் பொறியாளர் சோதிப்பது வழக்கமாயிற்று. 2022 முதல் இருபது வயது கடந்து 13 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவர்களும் ஏழாண்டுக்கு ஒரு முறை சோதனைக்கு உள்ளாகின்றன. ஆக, பெரிய அபாயங்களுக்கு அரசாங்கம் காவல் இருக்கிறது. ஆனால் ஈரத் தரையில் கால் வழுக்கிய முதியவருக்கும், விளக்கு எரியாத மாடிப்படியில் தடுக்கி விழுந்த பெண்ணுக்கும் அத்தகைய காவல் இல்லை. அவர்கள் தம் உரிமையைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தேடுமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வது நலம். காயம் பட்டது என்ற காரணத்தால் மட்டும் எவரும் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. அந்த இடத்தைத் தம் ஆதீனத்தில் வைத்திருந்தவர், நியாயமான ஒருவர் எடுக்கக்கூடிய ஜாக்கிரதையை எடுத்தாரா என்பதே கேள்வி. முன்காலத்தில், ஓர் இடத்துக்குள் வந்தவர் வாடிக்கையாளரா, விருந்தாளியா, அத்துமீறி நுழைந்தவரா என்று பிரித்து ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு அளவில் பொறுப்பை வகுத்திருந்தார்கள். 2013இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டை நீக்கி, யாவற்றையும் அலட்சியம் என்ற பொதுச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது.

எனவே முதற்காரியம், இடம் யாருடைய கையில் இருந்தது என்று தெரிந்துகொள்வது. லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளுக்கு முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கடையின் முன் பூப்போட்ட தரையோடு, அடுத்த கடையின் முன் வழவழப்பான பளிங்கு, இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குப் புலப்படாத ஓர் அங்குலப் படி, அதன்மேல் பூக்கட்டுகிறவர் தெளித்த தண்ணீர். பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள அந்த நடை பெரும்பாலும் தனியார் நிலமே. கட்டடச் சொந்தக்காரர், வாடகைக்கு எடுத்த கடைக்காரர் இருவருள் எவர் பொறுப்பு என்பது உடனே தெளிவாகாதாகையால் இருவருக்குமே கடிதம் அனுப்பிவிடுவது உத்தமம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) புளோக்குகளின் பொது நடைகளுக்கு நகர மன்றத்தையும், தனியார் அடுக்குமாடிகளுக்கு அவற்றின் நிர்வாகக் கழகத்தையும் விசாரிக்க வேண்டும். வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம் என்று சொந்தக்காரர் சொல்லக்கூடும். தகுதியுள்ளவரைத் தக்க கவனத்தோடு தேர்ந்திருந்தால், அவ்வொப்பந்தக்காரரின் அலட்சியத்துக்குச் சொந்தக்காரர் பொதுவாகப் பொறுப்பாகார் என்று 2017இல் தீர்ப்பாகியிருக்கிறது. அப்போது ஒப்பந்தக்காரர் மீதே வழக்குச் செல்லும்.

அடுத்தது சாட்சியம். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள், வெட்கத்தினால்! விழுந்தவர் சேலையை உதறிக்கொண்டு விரைவாக எழுந்து போய்விடுகிறார். கால்மணி நேரத்தில் தரை துடைக்கப்பட்டுவிடுகிறது. எழ முடியுமானால், முடியாவிட்டால் உடன் வந்தவரைக் கொண்டு, இடம் முழுவதும் தெரியும்படி ஒரு படமும், ஈரத்தையோ உடைந்த ஓட்டையோ நெருங்கி ஒரு படமும், எச்சரிக்கைப் பலகை இல்லாத வெற்றிடத்தை ஒரு படமும் எடுக்க வேண்டும். பார்த்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். அணிந்திருந்த செருப்பைக் கழுவாமல் எடுத்து வைக்க வேண்டும். அது வழுக்கும் செருப்பு என்று எதிர்த்தரப்பு சொல்லாமல் இராது. கண்காணிப்புக் கேமராவின் பதிவு சில நாட்களில் தானே அழிந்துபோகக்கூடியதாகையால், அதைப் பாதுகாத்து வைக்கும்படி அன்றே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

சில வாரங்கள் கழித்து அந்த இடத்துக்கு மறுபடியும் போய்ப் பார்ப்பதும் வீணன்று. 1976இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், அங்காடித் தரையில் சிந்திய தயிரில் வழுக்கி விழுந்த ஒரு பெண்மணி, மூன்று வாரங்களுக்குப் பின் அதே கடையில் சிந்திய ஆரஞ்சுச் சாறு கால்மணி நேரம் எவராலும் கவனிக்கப்படாமல் கிடந்ததைக் கண்டு சாட்சி சொன்னார். தரையைச் சுத்தமாக வைக்கத் தக்க ஏற்பாடு நடைமுறையில் இருந்ததைக் காட்டக் கடை தவறியது. வெற்றி அவருக்கே கிடைத்தது.

மருத்துவரிடம் அன்றே போவது உடம்புக்கு மட்டுமன்று, வழக்குக்கும் தேவை. எப்படி விழுந்தோம் என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் குறித்துக்கொள்வதைப் பிற்பாடு வக்கீல்கள் எழுத்தெழுத்தாக வாசிப்பார்கள். ரசீது, மருத்துவ விடுப்புச் சான்று, டாக்சிக் கட்டணம், சம்பளச் சீட்டு ஆகிய யாவும் ஓர் உறையில் சேரட்டும்.

வேலை நேரத்தில் காயம் பட்ட தொழிலாளிக்கு வேறொரு வழி உண்டு. 2019ஆம் ஆண்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, முதலாளியின் தவறு என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் விபத்து நிகழ்ந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். அலட்சியத்துக்காக நீதிமன்றம் செல்வதா, இந்தச் சட்டப்படி பெறுவதா என்பதில் ஒன்றைத்தான் தெரிந்தெடுக்கலாம். வீட்டுப் பணிப்பெண்கள் இச்சட்டத்துக்குள் வருவதில்லை, வருந்தத்தக்க குறைதான். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ என்னும் சங்கம் இவ்விஷயத்தில் துணைசெய்கிறது. காயம்பட்டு வேலையின்றி நிற்பவர்களுக்கு உணவளிக்கும் அதன் கஃப் ரோடு திட்டம் லிட்டில் இந்தியாவில் நடப்பதே.

பிறகு கோரிக்கைக் கடிதம். நடந்தது, இன்ன அலட்சியம், இன்ன நஷ்டம் என்று ஆத்திரமில்லாமல் எழுத வேண்டும். எதிர்த்தரப்பார் சிறு தொகையைக் கொடுத்து, இத்துடன் யாவும் தீர்ந்தது என்று கையொப்பம் கேட்டால், காயம் எந்த அளவுக்கு ஆறும் என்று மருத்துவர் சொல்லும்வரை பொறுத்திருப்பது மேல். “உள்ளே வருவோர் தம் சொந்தப் பொறுப்பில் வருக” என்று எழுதித் தொங்கவிட்ட பலகையைக் கண்டு பின்வாங்க வேண்டாம்: வியாபாரம் நடத்துகிறவர் தம் அலட்சியத்தால் நேர்ந்த காயத்துக்கோ மரணத்துக்கோ உரிய பொறுப்பை அவ்வாறு கைகழுவ முடியாது என்று நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் சொல்கிறது. கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் மீதும் தவறு உண்டென்றால் மட்டும், அந்தப் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும்.

இணங்கவில்லையென்றால் நீதிமன்றம். சிறு கோரல் நடுவர் மன்றம் உடற்காய வழக்குகளை ஏற்பதில்லை. 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றமும், பொதுவாக 250,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றமும் விசாரிக்கின்றன. வழக்குத் தொடுக்க அவகாசம், சாதாரணமாக, மூன்றாண்டு. வசதி குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவுக்கு மனுச் செய்யலாம். புரோ போனோ எஸ்ஜி அமைப்பு நடத்தும் இலவச ஆலோசனைகளும் உண்டு. கிடைக்கும் தொகையில் பங்கு தருவதாக இருந்தால் செலவில்லாமல் வழக்கை நடத்தித் தருகிறேன் என்று மருத்துவமனை வாசலிலோ காப்பிக்கடையிலோ அணுகுகிறவர் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டாம். நஷ்டஈட்டில் பங்கு என்ற பேரத்தை இத்தகைய வழக்குகளில் வக்கீல்கள் செய்துகொள்ளச் சிங்கப்பூர்ச் சட்டம் இடம் தருவதில்லை.