ஈரற்றட்டைப்புழுவின் இனப்பெருக்கமும் தடுப்பும்

நீர் தேங்கிய வயலோரங்களில் மேயும் எருமைகளும் மாடுகளும் சில வேளைகளில் மெலிந்து, பால் குறைந்து, தாடையின் கீழ் வீக்கங்கொண்டு காணப்படும். இதற்கு ஏதுவானவற்றுள் ஈரற்றட்டைப்புழு ஒன்றாகும். இலங்கை போன்ற வெப்ப நாடுகளிலுள்ள பெரிய ஈரற்புழு இலைபோன்று தட்டையானது; 7 சதமமீற்றர் வரை நீளும். முதிர்ந்தபின் பித்தக்கான்களில் தங்கி வாழும். அது பெருகும் வழியை அறிந்தாலன்றி, எவ்விடத்தில் தடுக்கலாம் என்பது புலப்படாது.

ஒரே உடலில் ஆணும் பெண்ணும்

இப்புழு இருபாலுயிராகும். கிளைவிட்ட இரண்டு விதைகளும் ஒரு சூலகமும் ஒரே உடலில் அமைந்துள்ளன. விதையிலுள்ள ஒரு தாய்க்கலம் மூன்று முறை பிரிந்து 8 கலங்களாகும். இவை ஒடுக்கற்பிரிவுக்கு உட்பட்டு 32 கலங்களாகும். அவை பூவிதழ்கள் போல ஒரு மையத்தைச் சுற்றி ஒட்டிநின்று, ஒவ்வொன்றும் நூல்போன்ற விந்தாக மாறும். பெரும்பாலான விலங்குகளின் விந்துக்கு ஒரு வாலே உண்டு. இப்புழுவின் விந்திலோ இரண்டு வாலிழைகள் இணைந்துள்ளன.

இரு புழுக்கள் கூடி விந்தினை மாற்றிக்கொள்வது வழக்கம். ஆயினும், தனித்த புழு தன் விந்தினாலேயே கருவுறவும் கூடும். ஆசியாவின் சில நாடுகளில் விந்து முதிராத ஈரற்புழுக்களும் உள; அவற்றின் முட்டைகள் விந்தின்றியே வளர்கின்றன. ஆகவே, ஒரு மாட்டில் ஒரு புழு எஞ்சினும் நோய் மீண்டும் பரவ இடமுண்டு.

முட்டை வயலை அடைதல்

ஒரு புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். அவை பித்தத்துடன் குடலை அடைந்து, சாணத்துடன் வெளியேறும். நீரில் விழுந்த முட்டை ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்களில் பொரிக்கும். வெளிவரும் குடம்பி ஏறக்குறைய ஒரு நாளுக்குள் உரிய நன்னீர் நத்தையை அடையாவிடின் இறந்துபடும். நத்தையினுள் புகுந்த ஒன்றோ, ஆண் பெண் சேர்க்கையின்றியே நூற்றுக்கணக்காகப் பெருகும். அவ்விளங்குடம்பிகள் நீரில் வெளியேறி, புல்லிலும் நெற்றாளின் அடியிலும் கூடுகட்டி ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தின்னும் மாட்டின் ஈரலை அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் முதிர்ந்து முட்டையிடத் தொடங்கும். இதன் இனமான ஆட்டு ஈரற்புழுவுக்கு நத்தை இன்றியமையாதது என்பதை 1881 முதல் 1883 வரையான காலத்தில் இங்கிலாந்தில் தோமசு என்பவரும் செருமனியில் லூக்காட்டு என்பவரும் தனித்தனியே கண்டறிந்தனர்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. புதுச்சாணத்தை வயலிலோ வாய்க்காலிலோ மரக்கறிப் பாத்தியிலோ இடலாகாது. அதனைக் குவித்து மக்கச் செய்தல் வேண்டும். குவியலினுள் எழும் வெப்பத்தால் முட்டைகள் அழியும்.

2. நீர் தேங்கிய வயலில் மாடுகளை மேயவிடலாகாது. நெற்றாளின் அடிப்பாகத்தை நீக்கி, வைக்கோலை வெயிலில் நன்கு உலர்த்தியே கொடுத்தல் வேண்டும்.

3. மாடுகள் நீரருந்தும் இடம் சேறாகாதவாறு நீரை வடித்துவிடல் நன்று.

4. மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி எல்லா மாடுகளுக்கும் ஒருங்கே மருந்து கொடுத்தல் வேண்டும். சில மருந்துகள் இளம்புழுக்களைக் கொல்லா. ஆதலின் அவர் குறிக்கும் நாளில் மீண்டும் கொடுத்தல் அவசியம்.

5. இப்புழு மனிதரையும் பற்றும். நீரில் வளரும் கீரைகளைச் சமைத்தே உண்ணல் வேண்டும்.

புழுவின் உடலினுள் நிகழும் பெருக்கத்தைக் கமக்காரர் தடுத்தல் அரிது. சாணத்திலிருந்து நத்தைக்கும், நத்தையிலிருந்து மாட்டின் வாய்க்கும் செல்லும் வழியை அடைத்தல் அவர் கையிலேயே உள்ளது.